அரை மணிநேரம் இரண்டு தடவை வந்த இரவு

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாள் முடிந்த நள்ளிரவில் இலங்கையின் கடிகாரங்கள் பின்னால் போயின. ஏப்ரல் 15ஆம் திகதி 12.30 ஆனதும் அது மறுபடி 12.00 மணி ஆயிற்று. இந்தக் கணக்கு 1996இல் தொடங்கியது. கடும் மின்வெட்டு நிலவிய அந்த வருடத்தில், பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தவென மே மாதம் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி திரும்பி வரப் பத்து வருடம் எடுத்தது. அந்த இடைக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிய பயணிக்கு இடம் மட்டுமல்ல, மணியும் மாறியது.

கொழும்பை அடுத்த வத்தளை வீடுகளில் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. கணினிகளுக்கு அப்படி முடியவில்லை. அந்த இரவில் 12.00 முதல் 12.30 வரையான அரை மணிநேரம் இரண்டு தடவை நடந்தது. முதல் தடவையில் 12.25க்குத் தொடங்கிய தொலைபேசி அழைப்பு இரண்டாம் தடவையில் 12.05க்கு முடிந்தால் அதன் நீளம் என்ன? கழித்துப் பார்க்கும் நிரலுக்கு விடை பூச்சியத்துக்குக் கீழே போகும். ஒரு கணினி புதிய நேரத்துக்கு மாறி, அதனுடன் பேசும் இன்னொன்று மாறாமல் இருந்தால் சிக்கல் இரட்டிக்கும். இரண்டும் தத்தம் அளவில் பிழையின்றி இயங்கினாலும், ஒன்று சொல்லும் மணி மற்றதற்குப் பொய்யாகிவிடும்.

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வாசலைத்தான் ஏபிஐ என்கிறார்கள். எந்த விபரத்தை எந்த ஒழுங்கில் கேட்க வேண்டும், பதில் எப்படி வரும், பிழை நேர்ந்தால் என்ன சொல்லப்படும் என்ற உடன்படிக்கை அது. காசோலையை நினைத்துக்கொண்டால் போதும். திகதி, பெறுநர் பெயர், எண்ணாலும் எழுத்தாலும் தொகை, கையொப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. ஒன்று தவறினாலும் வங்கி திருப்பி அனுப்பும், திருப்பியதற்கான காரணத்தையும் குறித்து அனுப்பும். இந்த உடன்படிக்கைகளை எழுதுவதும் சோதிப்பதும் இரவு பகலாகக் கண்காணிப்பதும் கொழும்பில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. தேயிலைக்கும் துறைமுகத்துக்கும் எழுதப்பட்ட வரலாற்றில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு இன்னும் எழுதப்படவில்லை.

நேரம் மாறி ஒரு மாதம் ஆவதற்குள் கொழும்பில் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. மே மாதத்தில் லங்காகிளியர் நிறுவனம் காசோலைகளின் படங்களை மட்டும் கொண்டு தீர்வு செய்யும் முறையைத் தொடங்கியது. அதற்கு முன்பு காசோலைத் தாள் கட்டுக்கட்டாகக் கொழும்புக்கு வர வேண்டும். தூரத்துக் கிளையில் வைப்பிலிட்டவர் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிய முறையில் தாள் கிளையிலேயே தங்கியது, அதன் படமும் எண்களும் பயணம் செய்தன. அதே மே மாதத்தில், மென்பொருட்கள் இணையத்தின் வழியே ஒன்றோடொன்று பேச உதவும் அக்சிஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளின் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதன் பெரும்பகுதி கொழும்பில் எழுதப்பட்டது.

கொழும்புத் தமிழர் அந்த மாதங்களை வேறு காரணங்களால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 25இல் இராணுவத் தலைமையகத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. யுத்தம் திரும்பி வந்தது. வத்தளையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வேலைக்குப் போன தமிழ் இளைஞனுக்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டியிருந்தது. கொழும்பின் மென்பொருள் தொழில் வளர்ந்தது இந்தச் சூழலுக்குள்தான். அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறு.

அக்சிஸ்2இன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1990களின் இறுதியில் ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவில் சஞ்சீவ வீரவரண என்ற இலங்கையர் வேலை செய்துகொண்டிருந்தார். வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருட்கள் இணையத்தின் வழியே பேசிக்கொள்ள ஒரு பொதுவழி தேடிய காலம் அது. 2000இல் ஐபிஎம், மைக்ரோசொஃப்ட், அரிபா ஆகிய மூன்றும் சேர்ந்து டபிள்யூஎஸ்டிஎல் என்ற விபர மொழியை வெளியிட்டன. 2001 மார்ச்சில் வந்த அதன் 1.1 பதிப்பில் ஆசிரியர்களாக நான்கு பேர் பெயர் இருக்கிறது. வீரவரண அவர்களில் ஒருவர். ஒரு சேவை என்ன கேட்கும், என்ன தரும் என்பதை இன்னொரு கணினி தானே வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைப்பதே அந்த மொழியின் வேலை.

அதே 2001இல் அவர் இலங்கைக்குத் திரும்பி, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுத்தார். 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் உருவானது. இலங்கைப் பொறியியலாளர்கள் உலகத் திறந்த மூலத் திட்டங்களுக்கு வெறும் பயனர்களாக அல்லாமல் எழுதுபவர்களாகப் பங்களிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2004இல் அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ் குழுவினர் கொழும்பில் கூடிப் புதிய பதிப்பின் வடிவமைப்பைப் பேசினார்கள். பழைய அக்சிஸ் ஒரு செய்தி முழுவதையும் நினைவகத்துக்குள் ஏற்றிய பிறகே அதைத் தொட்டது. பெரிய செய்தி வந்தால் மூச்சுத் திணறியது. புதியதற்கு ஆக்சியம் என்ற முறை எழுதப்பட்டது. தேவைப்படும் பகுதியை மட்டும், தேவைப்படும் கணத்தில் இழுத்து வாசிப்பது அதன் உத்தி. பட்டப்படிப்பை அண்மையில் முடித்த இளைஞர்கள் பலர் இதில் வேலை செய்தார்கள். ஸ்ரீநாத் பெரேரா போன்றவர்களின் பெயர் அதன் தொடக்க வடிவமைப்போடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. காணாமல்போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய விபரங்கள் எல்லாம் துண்டு துண்டாகத் தாள்களில் கிடந்தன. தன்னார்வலர்கள் சில நாட்களில் சஹானா என்ற மென்பொருளை எழுதி ஓட விட்டார்கள். பின்னர் அது மற்ற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு அளித்தது. மொரட்டுவை மாணவர்களும் இதே திறந்த மூல அலையில்தான் வளர்ந்தார்கள். கூகுள் நடத்தும் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில், உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொரட்டுவை.

2005இல் வீரவரணவும் போல் ஃபிரீமான்டிலும் டாவனம் ஸ்ரீனிவாஸும் சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விற்கும் மென்பொருளின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதைப் பராமரித்துக் கொடுப்பதில் காசு பார்ப்பது அவர்கள் வழி. அதன் இணைப்பு மென்பொருள் வழியாக ஒரு நாளில் நூறு கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளை ஈபே கையாண்டது என்று நிறுவனம் அறிவித்த காலம் 2010களின் தொடக்கம். 2012இல் ஏபிஐகளை வெளியிடவும், யார் எத்தனை தடவை கேட்கலாம் என்று கட்டுப்படுத்தவும், பயன்பாட்டை அளக்கவும் தனி மென்பொருள் வந்தது. 2019இல் பாலரினா என்ற நிரல் மொழியின் 1.0 பதிப்பு வெளிவந்தது. வலையமைப்பில் பேசுவதையே மையமாகக் கொண்ட மொழி அது. எக்ஸ்எம்எல் தரத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் பங்கெடுத்தார். 2024இல் ஈகியூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் டபிள்யூஎஸ்ஓ2ஐ வாங்கியது. 60 கோடி டொலருக்கு மேல் என்று செய்திகள் கூறின.

உலகத்தின் போக்கு இதற்கிடையில் மாறிவிட்டது. ரோய் ஃபீல்டிங் 2000இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் விளக்கிய ரெஸ்ட் என்ற எளிய முறை, டபிள்யூஎஸ்டிஎல்லின் கனத்த ஒழுங்குகளை மெல்ல ஓரங்கட்டியது. ஒரு முகவரி, ஒரு கேள்வி, ஒரு பதில் போதும் என்றார்கள். ஆனால் எழுதி வைத்த உடன்படிக்கை இல்லாமல் பெரிய குழுக்கள் வேலை செய்ய முடியவில்லை. 2011இல் வேர்ட்னிக் என்ற நிறுவனத்தில் டோனி டாம் தொடங்கிய சுவாகர் அந்தக் குறையை நிரப்பியது. 2015இல் அது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் சென்று, பின்னர் ஓப்பன்ஏபிஐ ஆயிற்று. டபிள்யூஎஸ்டிஎல் செய்ய முயன்ற காரியம் வேறு உடையில் திரும்பி வந்தது என்று சொல்வதில் தவறில்லை. 2001இன் அந்த நான்கு ஆசிரியர்களுக்குச் சேர வேண்டிய மதிப்பு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

சோதிக்கும் கருவிகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே பிறந்தது. பெங்களூரில் அபினவ் அஸ்தானா 2012இல் குரோம் உலாவிக்குள் ஓடும் சிறு செருகலாகப் போஸ்ட்மேனை வெளியிட்டார். ஏபிஐயிடம் ஒரு கேள்வியை அனுப்பி, வந்த பதிலைக் கண்ணால் பார்க்க அதுவரை நிரலே எழுத வேண்டியிருந்தவர்களுக்கு ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும் கிடைத்தன. 2014இல் அது நிறுவனமாகியது. இன்று கொழும்பில் மென்பொருள் சோதிப்பவர் மேசையில் அது திறந்திருக்காத நாள் குறைவு.

கருவி கிடைத்தாலும் எதைச் சோதிப்பது என்று தெரிய வேண்டும். அதற்கு இந்தத் தீவின் நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் பன்னிரண்டு எண்கள், எழுத்து இல்லை. இரண்டும் இன்றும் செல்லும். பிறந்த ஆண்டும் அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். இதில் ஒரு நுட்பம் உண்டு. லீப் வருடமோ இல்லையோ, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1இல் பிறந்தவருக்கு நாள் எண் எந்த ஆண்டிலும் 61தான். இதை அறியாமல் நிரல் எழுதினால் லீப் அல்லாத வருடங்களில் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை பிறந்த எல்லோருடைய பிறந்தநாளும் ஒரு நாள் தள்ளிப் போகும். வெளிநாட்டுப் பாடநூல் எதிலும் இது இருக்காது.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். வத்தளை என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடுகள், வழமையான யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட்டுகள். முகவரிக்கு இருபது பைட் இடம் ஒதுக்கிய பழைய தரவுத்தளத்தில் வத்தளை கஷ்டப்பட்டு அடங்கும், கொட்டாஞ்சேனை அடங்காது. பாதி எழுத்தோடு வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டியாக நிற்கும். குறுஞ்செய்தியிலும் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கு 70 குறியீடுகள்தான். ஒரே செய்தி தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து போகும், அனுப்புபவருக்கு அத்தனை செலவு. பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் தமிழரிடம் குடும்பப் பெயர் எது என்று படிவம் கேட்கிறது. ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். சோதனைத் தரவுகளில் இத்தகைய பெயர்கள் இல்லையென்றால் அந்த மென்பொருள் தமிழருக்கு எழுதப்படவில்லை என்றே பொருள். மூன்று மொழி நாட்டில் இது பின்னால் பார்த்துக்கொள்ளும் விடயம் அல்ல.

சோதனையின் கடுமைக்கு இன்னோர் இலங்கைக் கதை இருக்கிறது. 1996இல் தொடங்கிய மிலேனியம்ஐடி பங்குச் சந்தைகளுக்கு மென்பொருள் செய்த நிறுவனம். இலண்டன் பங்குச் சந்தை 2008 செப்டெம்பர் 8ஆம் திகதி ஏறக்குறைய ஏழு மணிநேரம் முடங்கியது. அடுத்த ஆண்டு அந்தச் சந்தை மிலேனியம்ஐடியை 3 கோடி டொலருக்கு வாங்கி, தன் வர்த்தக அமைப்பையே இலங்கையர் எழுதியதாக மாற்ற முடிவு செய்தது. முதலில் டர்க்கோயிஸ் என்ற துணைச் சந்தை 2010 ஒக்டோபரில் மாறியது. நவம்பரில் அது இரண்டு மணிநேரம் நின்றுபோக, பிரதான சந்தையின் மாற்றம் தள்ளிப்போடப்பட்டது. சந்தையோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு தரகு நிறுவனமும் புதிய வாசலோடு தன் மென்பொருளை ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. 2011 பெப்ரவரி 14இல் மாற்றம் நிறைவேறியது. அதே மாதம் 25ஆம் திகதி விலைத் தகவல் ஓட்டத்தில் கோளாறு வந்து வர்த்தகம் நான்கு மணிநேரம் அளவில் நின்றது. சந்தை திரும்பித் திறந்தது, மிலேனியம்ஐடி மாலபேயில் எழுதிய அமைப்புத் தொடர்ந்து ஓடியது. ஒத்திகை எத்தனை பார்த்தாலும் உண்மையான கூட்டம் கொண்டுவரும் நெருக்கடி வேறு. அதனால்தான் சோதித்து முடித்த பின்பும் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். கேள்விகள் எத்தனை வருகின்றன, எத்தனைக்குப் பிழை போகிறது, பதிலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது ஆகியவை நொடிக்கு நொடி பதிவாகும். சராசரியை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் பதில் கிடைத்து, மிச்சம் ஒருவர் இருபது நொடி காத்திருந்தால், சராசரி கால் நொடியைச் சற்றே தாண்டும். யாரும் பதற மாட்டார்கள். அந்த ஒருவருக்கோ பணம் போனதா இல்லையா என்று தெரியாது. ஆகவே மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கைத் தனியே பிரித்துப் பார்க்கிறார்கள். 2015 ஒகஸ்ட்டில் லங்காகிளியர் வங்கிகளுக்கிடையே உடனடிப் பணப் பரிமாற்ற முறையைத் தொடங்கிய பின், வங்கி மென்பொருட்காரருக்கு இரவு என்று ஒன்று இல்லாமல் போனது. நள்ளிரவிலும் போயா தினத்திலும் ஒருவர் பணம் அனுப்பலாம். அனுப்பும் வங்கி, நடுவிலுள்ள நிலையம், பெறும் வங்கி என்று மூன்று இடங்களில் ஒன்று தடுமாறினாலும் அந்த நேரத்தில் யாராவது விழித்திருக்க வேண்டும்.

தொலைபேசி நிறுவனங்களும் 2010களில் வாசலைத் திறந்தன. டயலொக்கின் ஐடியாமார்ட், குறுஞ்செய்தி அனுப்புவது, இருக்குமிடம் அறிவது, தொலைபேசிக் கணக்கில் சிறு தொகை அறவிடுவது போன்றவற்றை வெளியாட்கள் தங்கள் செயலிகளில் பயன்படுத்த விட்டது. பெரிய அலுவலகம் இல்லாத மாணவனும் ஒரு சேவையைத் தொடங்கி வருமானம் பார்க்கலாம் என்ற நிலை அப்போது வந்தது.

சாதாரண மக்கள் ஏபிஐயின் பலனைக் கண்ணால் கண்டது 2022இல். டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. நீர்கொழும்பு வீதி நெடுக, வத்தளையிலும் மாபோலையிலும், பெற்றோல் செட்களுக்கு முன்னால் வாகனங்கள் இரவு பகலாக நின்றன. நாடெங்கும் வரிசையில் நின்றே உயிர் போனவர்கள் உண்டு. ஜூலை 16ஆம் திகதி தேசிய எரிபொருள் அனுமதி முறை அறிவிக்கப்பட்டது. வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிடப்பட்டு ஒரு கியூஆர் குறி வரும். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20.

பம்படியில் நடந்தது இதுதான். ஊழியர் தன் கைபேசியால் குறியைப் பிடிப்பார். கைபேசி மத்திய சேர்வரிடம் இந்த வாகனத்துக்கு எத்தனை லீற்றர் மிச்சம் என்று கேட்கும். பதில் வந்ததும் பெற்றோல் இறங்கும், இறங்கிய அளவு திரும்பிப் பதியப்படும். இதற்குள் இத்தொழிலின் மிகக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. பதியும் கணத்தில் சிக்னல் அறுந்தால் ஊழியர் மறுபடி அழுத்துவார். முதல் அழுத்தல் சேர்வரைச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருந்தால், ஒரே அளவு இரண்டு தடவை கழிக்கப்பட்டுவிடும். முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு அது ஒரு நாள் உழைப்பு. ஒவ்வொரு விநியோகத்துக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகக் கழிக்காமல் பழைய பதிலையே தருமாறு எழுதுவது இதற்கான வழி. வங்கிப் பரிமாற்றத்திலும் இதே வழிதான். ஒகஸ்ட் 1 முதல் நாடு முழுவதும் இந்த முறை கட்டாயமானது, கிலோமீற்றர் கணக்கில் நீண்ட வரிசைகள் சில வாரங்களில் குறைந்தன. 2023 செப்டெம்பரில், தட்டுப்பாடு தீர்ந்த பின், அது நிறுத்தப்பட்டது.

2024 பெப்ரவரி 12ஆம் திகதி இந்தியாவின் யுபிஐ என்ற பணம் செலுத்தும் முறை இலங்கையில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் பயணி வெள்ளவத்தைக் கடையொன்றில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆர் குறியைத் தன் இந்தியச் செயலியால் பிடித்தால், இந்திய வங்கிக் கணக்கில் ரூபாய் கழிந்து கடைக்காரருக்கு இலங்கை ரூபாய் சேர வேண்டும். இரண்டு நாட்டுத் தீர்வு நிலையங்கள், இரண்டு வங்கிகள், ஒரு நாணய மாற்று வீதம் எல்லாம் அந்தச் சில நொடிகளுக்குள் ஒத்துப்போகின்றன. இரு நாட்டுக் கணினிகளும் பதியும் நேரம் இப்போது ஒன்றுதான், உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. கடைக்காரரின் கைபேசியில் வரும் உறுதிச் செய்தி தமிழிலும் வர வேண்டும், பணம் வராமல் போனால் அதன் காரணமும் தமிழில் வர வேண்டும். அந்த வரிகளை எழுதிச் சோதிக்கக் கூடியவர்கள் வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள்.